நேற்றுவரை நன்றாக இருந்தவரைப் புற்றுநோய் ஒரே காலையில் கொல்லுமா?

உங்கள் கேள்வியை முழுதாகப் படித்தேன். மற்றவர்களுக்கும் புரியும்படி அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சித்தப்பாவுக்கு வயது 56. ஆஸ்பத்திரியில் ஒருநாள்கூடப் படுத்ததில்லை. விடியற்காலை கழிவறைக்குப் போனவர் உள்ளேயே விழுந்துவிட்டார். கதவை உடைத்துத் தூக்குவதற்குள் உயிர் போய்விட்டது. எல்லோரும் மாரடைப்பு என்றே நினைத்தார்கள். நெற்றியில் காயம் இருந்ததால் போலீஸுக்குத் தகவல் சொல்ல வேண்டிவந்தது, போஸ்ட்மார்ட்டமும் நடந்தது. நுரையீரல் தமனியிலும் கால் சிரையிலும் ரத்த உறைவு என்றும், கணையத்தின் வால்பகுதியில் கட்டி என்றும் அறிக்கை வந்தது. பிறகு வந்த திசுப் பரிசோதனை அந்தக் கட்டியைப் புற்றுநோய் என்றது. ஓர் அறிகுறியும் காட்டாமல் புற்றுநோய் இப்படிக் கொல்ல முடியுமா, நாங்கள் கவனிக்காமல் விட்டுவிட்டோமா, எங்களுக்கும் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு வருடத்துக்கு முன் அவருக்குச் சர்க்கரை வந்தது, உடம்பு இளைத்தது, கடைசி வாரத்தில் இடது கெண்டைக்காலில் வலி இருந்தது என்பதையும் எழுதியிருக்கிறீர்கள்.

முடியும். அபூர்வம்தான், ஆனால் முடியும். பெரியவர்களின் திடீர் மரணங்களில் பெரும்பான்மை இதயத்தால் வருபவை. அதிலும் இதய ரத்தக்குழாய் அடைப்புதான் முதலிடம். மூளை ரத்தக்கசிவு, பெருந்தமனி கிழிவது, நுரையீரல் தமனி அடைப்பு எல்லாம் அதற்குப் பின்னால் வரும். அதுவரை யாருக்கும் தெரியாமலிருந்த புற்றுநோய், தனிக் காரணமாக எடுத்துக்கொண்டால் இந்த வரிசையில் மிகக் கீழே இருக்கிறது. ஆனால் இந்த வரிசையில் இருக்கும் சில காரணங்களுக்குப் பின்னாலேயே அது மறைந்திருக்கும். தேடினால்தான் தெரியும். நான் நோயியல் துறையில் வேலை செய்கிறவன். இறந்தவர்களின் திசுக்களை நுண்ணோக்கியில் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. உங்கள் வீட்டில் நடந்ததைப் போன்ற அறிக்கைகள் எங்களுக்குப் புதியவை அல்ல.

முதலில் 'திடீர்' என்பதைப் பார்ப்போம். இறப்புக்கான மருத்துவச் சான்றிதழ்ப் படிவத்தைப் பார்த்திருந்தால், அதில் காரணம் ஒரே வரியில் கேட்கப்படாது. கடைசியாக என்ன நடந்தது, அது எதனால் வந்தது, அதுவும் எதனால் வந்தது என்று மேலிருந்து கீழாகக் கேட்பார்கள். உங்கள் சித்தப்பாவுக்கு அதை எழுதினால் மேலே நுரையீரல் தமனி அடைப்பு, அதன் கீழே கால் சிரையில் ரத்த உறைவு, அதற்கும் கீழே கணையப் புற்றுநோய். மேல்வரி நிமிடக் கணக்கு, நடுவரி நாள் கணக்கு, கடைசி வரி வருடக் கணக்கு. குடும்பத்துக்குத் தெரிந்தது மேல்வரி மட்டும். 'இதயம் நின்றுவிட்டது' என்று நம் ஊரில் பல சான்றிதழ்களில் எழுதிவிடுகிறார்கள். அது காரணமே இல்லை. இறக்கிற எல்லோருக்கும் இதயம் நிற்கத்தான் செய்யும். அப்படி எழுதும்போது கீழே இருக்கிற இரண்டு வரிகளும் காணாமல் போகின்றன. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு, ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, வருடக்கணக்காக இருந்த நோய் ஏன் வெளியே தெரியவில்லை? ஒரே ஒரு கெட்டுப்போன செல், இரண்டாகி, நான்காகி, எட்டாகிப் பெருகுகிறது. ஏறக்குறைய 30 முறை இரட்டித்த பிறகுதான் அது ஒரு சென்டிமீட்டர் கட்டியாகும், எடை ஒரு கிராம் அளவு. இன்னும் 10 முறை இரட்டித்தால் கணக்குப்படி ஒரு கிலோ. ஆக, கட்டியின் வாழ்நாளில் பெரும்பகுதி எந்த ஸ்கேனிலும் தெளிவாகத் தெரியாத அளவிலேயே கழிந்துவிடும். கண்ணுக்குத் தெரிகிற காலம் கடைசிக் கொஞ்சம்தான். உண்மையில் எல்லாக் கட்டியும் இவ்வளவு ஒழுங்காகப் பெருகுவதில்லை, ஆனாலும் அமைதிக்காலம் இவ்வளவு நீளமாக இருப்பது ஏன் என்று இந்தக் கணக்கு காட்டிவிடும்.

இடமும் முக்கியம். கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், வயிற்றின் ஆழத்தில் கிடக்கிறது. அதன் தலைப்பகுதியில் கட்டி வந்தால் பித்தக்குழாயை நெருக்கும், கண் மஞ்சளாகும், யாராவது கவனித்துவிடுவார்கள். உடல்பகுதியிலோ வால்பகுதியிலோ வந்தால் நெருக்குவதற்கு அங்கே பித்தக்குழாய் இல்லை. நரம்புகளைத் தொட்ட பிறகுதான் முதுகுவலி வரும், அதையும் யாரும் கணையத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. நுரையீரலின் ஓரத்தில், சிறுநீரகத்தில், சினைப்பையில் வரும் கட்டிகளும் இதே மாதிரிதான். வளர இடம் தாராளமாக இருக்கிறது, வலிக்க அங்கே எதுவும் இல்லை.

இனி, அந்தக் கட்டியிலிருந்து காலுக்கு எப்படிப் போனோம் என்று பார்ப்போம். புற்றுநோய்க்கும் ரத்தம் உறைவதற்கும் உள்ள உறவை மருத்துவ உலகுக்கு அழுத்தமாகச் சொன்னவர் பாரிஸில் இருந்த ஆர்மான் த்ரூஸோ. ஓத்தெல்-தியூ மருத்துவமனையில் பாடம் நடத்தியவர். சிரைகளில் காரணமில்லாமல் ரத்தம் உறைந்து வீங்கினால் உள்ளே எங்கேயோ புற்று ஒளிந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள் என்று 1865-ல் தன் சொற்பொழிவுகளில் எழுதினார். இரண்டு வருடம்கூட ஆகவில்லை. 1867 தொடக்கத்தில் அவருடைய உடம்பிலேயே ஒரு சிரை வீங்கியது. வேறு யாருக்கும் அதன் பொருள் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. தன் முடிவு நெருங்கிவிட்டதைத் தன் மாணவரிடம் சொன்னார். அந்த வருடம் ஜூன் மாதமே வயிற்றுக்குள் இருந்த புற்றுநோயால் இறந்துபோனார். இன்றும் அந்த நிலைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஏன் உறைகிறது என்பது அவர் காலத்தில் தெரியாது, இப்போது ஓரளவு தெரியும். காயம் பட்டால் ரத்தத்தை உறையவைக்கும் புரதம் ஒன்று ரத்தக்குழாய்க்கு வெளியே உள்ள திசுக்களில் இருக்கிறது. குழாய் கிழிந்தால்தான் ரத்தம் அதைத் தொடும், உடனே உறையத் தொடங்கும். சில புற்றுச்செல்கள் அந்தப் புரதத்தை ஏராளமாகத் தயாரித்து ரத்தத்துக்குள்ளேயே விட்டுவிடுகின்றன. காயமே இல்லாமல் காயம் பட்டது போல உடம்பு நடந்துகொள்கிறது. கணையப் புற்று இதில் முன்னணியில் நிற்பது. இரைப்பை, நுரையீரல், சினைப்பை, மூளைக் கட்டிகளும் அப்படியே. ரத்தம் மெதுவாக ஓடும் இடம் கெண்டைக்காலின் ஆழத்துச் சிரைகள். அதனால் உறைவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

அங்கிருந்து ஒரு நீளமான துண்டு கழன்றால், தொடை வழியாக, வயிற்றின் பெருஞ்சிரை வழியாக, இதயத்தின் வலது பக்கத்துக்குச் சில நொடிகளில் வந்துவிடும். அடுத்த நிறுத்தம் நுரையீரல் தமனி. இரண்டாகப் பிரியும் இடத்தில் குறுக்கே படுத்துக்கொண்டால் இரண்டு நுரையீரலுக்கும் ரத்தம் போகாது. இதயத்தின் இடது கீழறை தடித்த சுவர் கொண்டது, அதிக அழுத்தத்தையும் எதிர்த்துத் தள்ளும். வலது கீழறை மெல்லிய சுவர். எதிரே திடீரென்று வழி அடைபட்டால் அது விரிந்து தோற்றுவிடுகிறது. மூச்சுத் திணறல், மயக்கம், மரணம், எல்லாம் சில நிமிடத்துக்குள். கழிவறையில் இது நடப்பதாக அடிக்கடி கேள்விப்படுகிறோம். இரவு முழுக்கப் படுத்திருந்துவிட்டு எழுந்து நடப்பது, முக்குவது, இவற்றில் சிரை அழுத்தம் ஏறி இறங்கும். அதனால் அவர் கழிவறையில் விழுந்ததில் விசேஷமாக எதையும் தேட வேண்டாம். காலில் தைலம் தேய்த்ததால் கழன்றதா என்றும் கேட்டிருந்தீர்கள். உறைவு இருக்கும் காலைப் பிசையக்கூடாது என்பது உண்மைதான். ஆனால் தைலமே தேய்க்காதவர்களுக்கும் இப்படித்தான் கழன்று போகிறது. தேய்த்த கை உங்கள் சித்தியுடையதாக இருந்தால், இந்தப் பழியை அவர் சுமக்க வேண்டியதில்லை என்று தயவுசெய்து அவரிடம் சொல்லுங்கள்.

போஸ்ட்மார்ட்டம் செய்தவர் அது உண்மையான உறைவு என்று எப்படி முடிவுசெய்தார் என்ற சந்தேகம் சிலருக்கு வரும். இறந்த பிறகும் ரத்தம் உறையும். அது வழவழவென்று ஜெல்லி மாதிரி இருக்கும், இழுத்தால் குழாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வரும். உயிரோடு இருக்கும்போது உறைந்தது வறண்டு, எளிதில் உதிரும். அதன் குறுக்கே வெளிறிய கோடுகளும் சிவந்த கோடுகளும் மாறிமாறி இருக்கும், ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது அடுக்கடுக்காகப் படிந்ததன் அடையாளம். கால் சிரையின் வடிவத்திலேயே நுரையீரலில் கிடக்கும். அனுபவமுள்ளவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது அரிது.

இன்னொரு கேள்வி இதைவிட முக்கியம். கட்டி இருந்தது சரி, ஆனால் அதனால்தான் இறந்தாரா? பரிசோதனையில் புற்றைக் கண்டதும் அதன்மேல் பழியைப் போட்டுவிடக்கூடாது. 1985-ல் பின்லாந்தில் வெளியான ஓர் ஆய்வில், 101 பேரின் தைராய்டு சுரப்பியை மெல்லிய துண்டுகளாக நறுக்கிப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்குச் சின்னஞ்சிறு புற்று இருந்தது. அவர்கள் இறந்தது வேறு காரணங்களால். 80 வயதைத் தாண்டிய ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியைக் கவனமாகப் பார்த்தால் பாதிப்பேருக்குக் குறையாமல் புற்றுச்செல்கள் கிடைக்கும். அவர்களில் பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்தவர்கள். ஆகவே கட்டிக்கும் மரணத்துக்கும் நடுவே இருக்கும் கண்ணிகளைக் காட்ட வேண்டும். உங்கள் சித்தப்பாவின் அறிக்கையில் கணையம், கால் சிரை, நுரையீரல் மூன்றும் இருக்கின்றன. இதைவிடத் தெளிவாக ஓர் அறிக்கையை எதிர்பார்க்க முடியாது.

உறைவு மட்டும்தான் வழி என்றில்லை. ரத்தக்கசிவு இன்னொரு வழி. நுரையீரலின் நடுப்பகுதியில் இருக்கும் கட்டி பக்கத்துப் பெரிய தமனியை அரித்துவிட்டால் இருமலோடு ரத்தம் கொட்டும். அப்போது ஆள் இறப்பது ரத்தம் வெளியேறிப் போனதால் என்று நினைப்போம். பெரும்பாலும் அதற்கு முன்பே மூச்சு அடைத்துவிடும். மூச்சுக்குழாய்களின் கொள்ளளவே சுமார் 150 மில்லிதான், ஒரு டம்ளர் அளவு ரத்தம் உள்ளே தேங்கினால் போதும். நம் நாட்டில் இதில் ஒரு சிக்கல் உண்டு. இருமலில் ரத்தம், இளைப்பு, மார்பு எக்ஸ்ரேயில் நிழல், மூன்றையும் பார்த்ததும் காசநோய் என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் சளியில் கிருமி கிடைக்காதபோதும் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்துப் பார்ப்பதால் நுரையீரல் புற்றுநோய் தாமதமாகத் தெரிகிற நோயாளிகள் ஏராளம். சளியில் கிருமி இல்லை, மாத்திரைக்கும் நிழல் குறையவில்லை என்றால் சி.டி. ஸ்கேனும் பயாப்ஸியும் (சிறு துண்டு திசுவை எடுத்துப் பார்ப்பது) கேட்டு வாங்க வேண்டும்.

கல்லீரல் புற்று வேறு விதம். ஹெப்படைட்டிஸ் பி அதிகமுள்ள ஆசிய நாடுகளில், கல்லீரலின் மேற்பரப்பில் வளர்ந்த கட்டி வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் நிரம்புவது தெரிந்த விஷயம். முதல் அறிகுறியே திடீர் வயிற்றுவலியும் மயக்கமுமாக இருக்கும். இரைப்பைப் புற்று அரித்து ரத்தவாந்தி எடுத்து இறப்பதும் உண்டு. பெருங்குடல் கட்டி ஓட்டை விழுந்து கிருமி பரவி இறப்பதும் உண்டு, ஆனால் அதற்குச் சில மணி நேரமோ நாளோ ஆகும், வலியும் இருக்கும்.

மண்டையோட்டுக்குள் நிலைமை வேறு. சுவர் எலும்பு, விரிந்துகொடுக்காது. கட்டி மெதுவாக வளரும்போது மூளைத் தண்ணீர் கொஞ்சம் விலகி இடம் கொடுக்கும். அந்த இடமும் தீர்ந்த பிறகு, சின்ன ரத்தக்கசிவோ வீக்கமோ போதும், மூளை கீழ்நோக்கிப் பிதுங்கி மூச்சைக் கட்டுப்படுத்தும் தண்டை நசுக்கிவிடும். வரலாற்றில் பதிவான உதாரணம் அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வின். 1937 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு நொடி நினைவு தப்பிச் சில சுரங்களை விட்டுவிட்டார். அந்த நேரத்தில் ரப்பர் எரிகிற நாற்றம் வந்ததாகச் சொன்னார். பிறகு தலைவலி, தடுமாற்றம். ஜூன் மாதம் மருத்துவமனையில் வைத்துப் பார்த்தார்கள். மனக்கோளாறாக இருக்கலாம் என்று குறித்து அனுப்பிவிட்டார்கள். ஜூலை 9 அன்று நினைவிழந்தார், அவசர அறுவை சிகிச்சையில் வலது பொட்டுப்பகுதி மூளையில் கட்டி இருந்தது தெரிந்தது, 11-ம் தேதி இறந்தார். வயது 38. இல்லாத நாற்றம் மூக்கில் வருவது அந்த இடத்து மூளையிலிருந்து எழும் சிறு வலிப்பின் அடையாளம் என்று இன்று மருத்துவ மாணவர்களுக்கே தெரியும். அன்று சி.டி. இல்லை, எம்.ஆர்.ஐ. இல்லை. நடுவயதில் முதன்முதலாக வலிப்பு வருகிற ஒருவரை இன்று ஸ்கேன் எடுக்காமல் அனுப்பினால் அதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது.

ரத்தப் புற்றுநோய்களில் ஒன்றைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இங்கே நேரத்தில் கண்டுபிடிப்பது உயிரைக் காப்பாற்றுகிறது. அக்யூட் ப்ரோமைலோசைட்டிக் லுகேமியா என்பது அதன் பெயர். இளைஞர்களுக்கும் நடுவயதினருக்கும் வரும். இந்தச் செல்கள் ரத்தத்தின் உறையும் சக்தியையே தின்றுதீர்த்துவிடும். ஈறில் ரத்தம், தோலில் காரணமில்லாத நீலத் திட்டுகள், நிற்காத மாதவிடாய், சில நாள் காய்ச்சல். டெங்குவாக இருக்கும் என்று வீட்டிலேயே இருப்பார்கள். திடீரென்று மூளைக்குள் ரத்தம் கசிந்து இறந்துவிடுவார்கள். நோயின் பெயரே யாருக்கும் தெரியாமல் போகும். ஷாங்காயில் 1985-ல் ஐந்து வயதுச் சிறுமிக்கு வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ஒரு மருந்தைக் கொடுத்து வாங் சென்யி என்ற மருத்துவர் இந்த நோயை அடக்கிக் காட்டினார். பிறகு ஆர்சனிக்கும் சேர்ந்தது. பாஷாணம் என்று நாம் பயப்படுகிற அதே பொருளின் கூட்டுப்பொருள்தான். ஆர்சனிக் ட்ரையாக்ஸைடு ஒன்றை மட்டுமே கொடுத்துப் பெரும்பாலான நோயாளிகளை நீண்டகாலம் நோயின்றி வாழவைக்கலாம் என்று விரிவாகக் காட்டியவர்களில் நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் உண்டு. ஒருகாலத்தில் லுகேமியாக்களிலேயே வேகமாகக் கொன்ற நோய், இன்று மிக நன்றாகக் குணமாகும் லுகேமியாக்களில் ஒன்று. இன்று இதில் பெரும்பாலும் இறப்பவர்கள் முதல் சில நாட்களில், மருந்து தொடங்கும் முன்போ தொடங்கிய உடனேயோ இறப்பவர்கள். ஒரு ரத்த எண்ணிக்கைப் பரிசோதனையும், அந்த ரத்தத்துளியை நுண்ணோக்கியில் யாராவது கண்ணால் பார்ப்பதும் போதும், சந்தேகம் வந்துவிடும்.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். நுரையீரல், மார்பக, நிணநீர்ப் புற்றுகள் இதய உறைக்குள் பரவி நீர் கோத்தால் இதயம் விரிய முடியாமல் நின்றுபோகும். மெதுவாகச் சேர்ந்தால் ஒரு லிட்டர்கூடத் தாங்கும் உறை, வேகமாகச் சேர்ந்தால் 200 மில்லியிலேயே கொன்றுவிடும். குழந்தைகளுக்கு மார்பின் நடுவே நிணநீர்ப் புற்றோ ஒருவகை ரத்தப் புற்றோ வளர்ந்து மூச்சுக்குழாயை நெருக்கும். வீசிங் என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள். மல்லாந்து படுத்தால் மட்டும் மூச்சுத் திணறுகிற குழந்தைக்கு ஒரு மார்பு எக்ஸ்ரே கட்டாயம் எடுக்க வேண்டும். அட்ரினல் சுரப்பியில் வரும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி அட்ரினலினை வெள்ளமாக விட்டு ரத்த அழுத்தத்தை ஏற்றி இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். அதில் எல்லாமே புற்று அல்ல, ஆனால் கொல்வதற்கு அது புற்றாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இப்படி எத்தனை பேர் இறக்கிறார்கள்? நம் நாட்டுக்கு நேர்மையான கணக்குச் சொல்ல வழியில்லை. 2020-ல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் சான்றளித்தவை 22.5 சதவீதம்தான். அந்தச் சான்றுகளிலும் இதயம் நின்றது என்ற வரி எத்தனையோ, முன்பு சொன்ன என் வருத்தம் இதனால்தான். வெளிநாட்டில், நியூ ஆர்லியன்ஸில் ஒரு மருத்துவமனையின் 1986 முதல் 1995 வரையிலான பிரேதப் பரிசோதனைகளை ஆராய்ந்தார்கள். கிடைத்த 250 புற்றுக்கட்டிகளில் 111 உயிரோடு இருந்தபோது கண்டுபிடிக்கப்படாதவை அல்லது தவறாகக் கணிக்கப்பட்டவை. அவற்றைக் கொண்டிருந்த 100 பேரில் 57 பேரின் மரணத்துக்கு அந்தப் புற்றே அடிப்படைக் காரணம். இவர்கள் மருத்துவமனையில் இறந்தவர்கள், வீட்டில் திடீரென்று விழுந்தவர்கள் அல்லர். அதனால் இந்த எண்ணை உங்கள் சித்தப்பா மாதிரியானவர்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் மருத்துவமனைக்குள்ளேயே இவ்வளவு தப்புகிறது என்றால், வெளியே என்ன நிலைமை என்று யோசித்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் போஸ்ட்மார்ட்டம் என்றாலே போலீஸ் விவகாரம். சந்தேக மரணமென்றால் சட்டப்படி விசாரணை நடக்கும், முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-வது பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194. சந்தேகம் இல்லையென்றால் நோயைத் தெரிந்துகொள்வதற்காக மட்டும் பரிசோதனை செய்வது அநேகமாக வழக்கொழிந்துவிட்டது. உடலை அறுக்க வேண்டாம், சீக்கிரம் எடுத்துவிட வேண்டும் என்ற குடும்பத்தின் மனநிலை எனக்குப் புரியாமல் இல்லை. அந்த நேரத்தில் யாருக்குமே அப்படித்தான் இருக்கும். ஆனால் எரித்த பிறகு கேட்க வழியே இல்லை. டெல்லி எய்ம்ஸில் 2021 முதல் உடலை அறுக்காமல் சி.டி. ஸ்கேன் மூலம் பார்க்கும் முறை இருக்கிறது. எலும்பு முறிவுக்கும் ரத்தக்கசிவுக்கும் அது நன்றாக உதவும். ஆனால் ரத்தம் ஓடாத உடலில் சாதாரண சி.டி. நுரையீரல் உறைவை எளிதில் காட்டாது, சிறிய கணையக் கட்டியையும் தவறவிடலாம். சித்தப்பாவுக்கு அப்படி மட்டும் பார்த்திருந்தால் இந்தப் பதில் உங்களுக்குக் கிடைத்திருக்காது.

இனி நீங்கள் மிகவும் கவலைப்படும் கேள்வி, கவனிக்காமல் விட்டுவிட்டோமா என்பது. 55 வயதில் சர்க்கரை வந்தது. கணையப் புற்றே சில சமயம் சர்க்கரையைக் கொண்டுவரும், கட்டி தெரிவதற்கு ஒன்றிரண்டு வருடம் முன்பேகூட. ஆனால் 50 வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வருகிறவர்களில் மூன்று வருடத்துக்குள் கணையப் புற்று தெரியவருவது நூற்றில் ஒருவருக்குத்தான். மீதி 99 பேருக்கு அது வெறும் சர்க்கரை. தமிழ்நாட்டில் இந்த வயதில் யாருக்குத்தான் சர்க்கரை வரவில்லை? உடம்பு இளைத்ததற்கும் ஒரு காரணம் கையிலேயே இருந்தது, சோற்றைக் குறைத்தார், நடந்தார். கெண்டைக்கால் வலிக்கும் நடையே காரணமாகத் தெரிந்தது. மூன்றுக்கும் தனித்தனியாக நியாயமான விளக்கம் இருந்தது. மூன்றையும் ஒன்றாகக் கோத்துப் பார்ப்பது அனுபவமுள்ள மருத்துவருக்கே சுலபமில்லை. வீட்டிலிருப்பவர்கள் அதைச் செய்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் விட்டுவிடவில்லை.

ஆறுதலுக்காக மழுப்பவும் விரும்பவில்லை. கால் வலித்த வாரத்தில், சிரையில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்திருந்தால் உறைவு அநேகமாகத் தெரிந்திருக்கும். ரத்தத்தை உறையவிடாத மருந்து தொடங்கியிருந்தால் அந்தக் காலையில் அவர் இறக்காமல் இருந்திருக்க வாய்ப்பு உண்டு. கணையப் புற்று வேறு கதை. உறைவை உண்டாக்கும் கட்டத்துக்கு வந்த வால்பகுதிக் கட்டிகளில் பெரும்பாலானவை அறுவை சிகிச்சையைத் தாண்டியவை. கிடைத்திருக்கக்கூடியது சில மாதங்கள், ஒருவேளை ஒரு வருடம், அதுவும் சிகிச்சைகளோடு. அந்த மாதங்கள் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு பெரியவை என்பது எனக்குத் தெரியும், அதைச் சிறிதாக்கிச் சொல்லவில்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். அடிபடாமல், அறுவை சிகிச்சை இல்லாமல், நீண்ட பயணம் இல்லாமல் உறைவு வந்திருந்தால், அடுத்த ஒரு வருடத்தில் ஏறக்குறைய இருபதில் ஒருவருக்குப் புற்றுநோய் தெரியவருகிறது. அதற்காக உடம்பு முழுக்க ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் வயிற்று சி.டி. சேர்த்து எடுத்துப் பார்த்த கனடா ஆய்வில் அதனால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. நன்றாக விசாரித்து, உடம்பைத் தொட்டுப் பார்த்து, அடிப்படை ரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் செய்து, வயதுக்குரிய வழக்கமான புற்றுநோய்ச் சோதனைகளை விட்டிருந்தால் முடித்துக்கொண்டால் போதும். 50 வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வந்து, முயற்சி இல்லாமல் எடையும் குறைந்தால், அந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகை என்றால் மாத்திரையோடு நிறுத்தாமல் குடலிலிருந்து ரத்தம் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் புற்றின் தடயத்தைத் தேடுவதாகச் சொல்லிப் பேக்கேஜாக விற்கிற ட்யூமர் மார்க்கர் பரிசோதனைகளை நான் பரிந்துரைப்பதில்லை. ஆரோக்கியமானவர்களுக்கு அவை பயத்தைத்தான் அதிகம் கொண்டுவருகின்றன, சித்தப்பாவுக்கு நடந்ததைத் தடுத்திருக்கும் என்றும் சொல்ல முடியாது.

கடைசியாக, உங்களுக்கு வருமா என்பது. கணையப் புற்றில் பரம்பரையாக வருவது 10 சதவீதத்துக்குள்தான். ஆனால் அந்தப் பகுதி முக்கியமானது, ஏனென்றால் மார்பகப் புற்றுக்கும் சினைப்பைப் புற்றுக்கும் காரணமாகும் அதே பி.ஆர்.சி.ஏ. மரபணுக் கோளாறுகள் இதிலும் வருகின்றன. உங்கள் அப்பா வழியில் யாருக்காவது மார்பகம், சினைப்பை, கணையம், புராஸ்டேட், குடல் புற்று வந்திருக்கிறதா என்று பாட்டி, அத்தைமார்களிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சித்தப்பாவின் பிள்ளைகளும், அவருடைய உடன்பிறந்தவர் என்ற முறையில் உங்கள் அப்பாவும், மரபணு ஆலோசகர் ஒருவரைப் பார்ப்பது நல்லது. பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் அந்தப் பிரிவு இருக்கிறது. அப்பாவுக்கு அந்த மரபணுக் கோளாறு இல்லை என்று வந்தால், அவர் வழியாக அது உங்களுக்கு வர வாய்ப்பு அநேகமாக இல்லை. திசுப் பரிசோதனை செய்த மருத்துவக் கல்லூரியில் அவருடைய கட்டியின் துண்டுகள் மெழுகுக் கட்டைகளில் வைக்கப்பட்டிருக்கும். இனி அவரிடம் ரத்தம் எடுக்க முடியாது, ஆனால் அந்தத் திசுவிலிருந்து மரபணுவைப் பார்க்க முயலலாம். எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். வழக்குச் சம்பந்தப்பட்டது என்பதால் போலீஸ் ஸ்டேஷனிலிருந்தும் கடிதம் கேட்பார்கள். ஆகவே போஸ்ட்மார்ட்டம் எண், திசுப் பரிசோதனை எண் இரண்டையும் குறித்துக்கொண்டு, அவருடைய மகனோ மகளோ இந்த மாதமே ஒரு மனு கொடுத்துவிடட்டும்.